கதவு எண்ணுக்குக் கிடைத்த லைசென்ஸ்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். உளுந்து இந்த வருஷத்து உளுந்தா, பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்ததா, அப்பளக்காரம் தூக்கலாகிவிடவில்லையே, எண்ணெயில் போட்டால் சிவக்குமா. லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆச்சி காலமெல்லாம் அப்பளம் இட்டவள். அவள் பெயரில் ரேஷன் கார்டு தவிர வேறு அரசாங்கக் காகிதம் கிடையாது. “ஆத்துத் தண்ணியில பிசைஞ்ச மாவுட்டி இது. இதுக்கு மேல எவன் சர்ட்டிபிகேட் குடுக்கணும்?” என்பாள்.

கேட்க வேண்டிய ஆள் 2022-இல் வந்து சேர்ந்தார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மேலாளர். என்னைவிட வயதில் சின்னவர். ஒரு கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, “அக்கா, சரக்கு அருமை. ஆனா கவர்ல பதினாலு இலக்க நம்பர் இல்லையே. இத நான் அடுக்குல வச்சா அபராதம் எனக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். செங்கோட்டை பாசஞ்சரில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஊர் திரும்பினேன்.

ஊரில் எல்லோரும் ‘லைசென்ஸ் எடுக்கணும்’ என்று ஒருமையில் பேசுவார்கள். போய்ப் பார்த்தால் அது நாலைந்து காகிதம். ஒவ்வொன்றுக்கும் வேறு துறை, வேறு கேள்வி. என்ன செய்கிறாய் என்று உணவுப் பாதுகாப்புத் துறை கேட்கும். எங்கே செய்கிறாய் என்று பேரூராட்சி அல்லது மாநகராட்சி கேட்கும். எவ்வளவுக்கு விற்கிறாய் என்பது வணிகவரிக்காரர் கேள்வி. எடை சரியா, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது தொழிலாளர் துறையின் கேள்வி. கரண்ட் எதற்கு என்று மின்வாரியம் கேட்கும். எல்லாவற்றிலும் சுலபம் முதல் கேள்வி. என்னை மாதக்கணக்கில் அலைய வைத்தது இரண்டாவது.

முதல் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2011 ஆகஸ்டு முதல் உணவுப்பொருள் செய்கிற, விற்கிற யாரானாலும் பதிவோ உரிமமோ வாங்க வேண்டும். நான் விண்ணப்பித்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வெறும் பதிவு போதும், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். அதற்கு மேல் மாநில உரிமம். 20 கோடியைத் தாண்டினால் மத்திய உரிமம். பதிவுக்கு ஒரு போட்டோ, ஆதார், செய்கிற பொருளின் பெயர், செய்கிற இடத்தின் முகவரி. விண்ணப்பம் போய் 7 நாளில் பதிவைத் தர வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது நேரில் பார்க்க வருகிறோம் என்று தெரிவிக்க வேண்டும். 7 நாளில் இதில் எதுவும் நடக்காவிட்டாலோ, 30 நாள் ஆகியும் முடிவு சொல்லாவிட்டாலோ தொழிலைத் தொடங்கிக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருக்கிறது. கிராமத்துப் பெண்கள் பலருக்கு இந்த வரி தெரியாது. தெரிந்தால் இடைத்தரகர்களுக்குப் பாதி வேலை போய்விடும்.

பதிவோடு வருகிற அந்த 14 இலக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டது எனக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. உங்கள் சமையலறையில் இருக்கிற பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். முதல் இலக்கம் 2 என்றால் பதிவு மட்டும் வாங்கிய சிறு தயாரிப்பாளர். 1 என்றால் உரிமம். அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அங்கே 00 இருந்தால் மத்திய உரிமம் வாங்கிய பெரிய கம்பெனி. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஊறுகாய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறேன் என்று என் மகள் திட்டுவாள்.

அதிகாரி ஒரு நாள் வந்தார். மாவு பிசைகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, காரம் உணவுக்குரிய தரத்தில் வாங்குகிறோமா, பில் இருக்கிறதா, அப்பளம் இடுகிற பெண்களின் நகம் வெட்டியிருக்கிறதா, மருத்துவச் சான்று இருக்கிறதா என்று பார்த்தார். மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, காக்காய் உட்காராமல் வலை கட்டச் சொன்னார். கட்டினோம். ஆச்சி இருந்திருந்தால் அந்த யோசனையை ஒப்புக்கொண்டிருப்பாள். காக்காய்களோடு அவள் போட்ட சண்டை கொஞ்சமில்லை.

இனி இரண்டாவது கேள்வி.

பேரூராட்சி அலுவலகத்தில் தொழில் உரிமத்துக்கான படிவத்தை வாங்கிப் பார்த்தேன். என் பெயருக்கு ஒரு வரி. மற்றதெல்லாம் கட்டடத்தைப் பற்றி. கதவு எண், சொத்துவரி விதிப்பு எண், வரி பாக்கியில்லை என்பதற்கு ரசீது, எத்தனை சதுர அடி, மோட்டார் இருந்தால் எத்தனை குதிரைசக்தி, சொந்த இடம் இல்லையென்றால் வாடகை ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதமும். எனக்கு அப்பளம் இடத் தெரியுமா என்று அந்தப் படிவம் கேட்கவே இல்லை. உரிமம் கதவு எண்ணுக்குத்தான் கிடைக்கும். நான் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற ஆள், அவ்வளவுதான். அடுத்த தெருவுக்குக் குடிபோனால் புதிதாக எடுக்க வேண்டும்.

இப்படி இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் காலரா கொத்துக்கொத்தாக ஆட்களைக் கொண்டுபோன இங்கிலாந்தில், 1848-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டார்கள். எலும்பு வேகவைக்கிறவர், கொழுப்பு உருக்குகிறவர், சோப்பு காய்ச்சுகிறவர் எல்லாம் குடியிருப்புக்கு நடுவில் புதிதாகத் தொழில் தொடங்க அனுமதி வாங்க வேண்டும் என்று அதில் பட்டியல் இருந்தது. நாற்றமும் புகையும் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதுதான் அவர்களுடைய கவலை. அதே எண்ணம் சென்னை மாகாணத்து நகராட்சிச் சட்டங்களுக்குள் வந்தது. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில்கள் என்று ஒரு நீண்ட அட்டவணையே உண்டு. பழைய கடைக்காரர்கள் இன்றும் ‘டி அண்ட் ஓ லைசென்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். நான் அலைந்துகொண்டிருந்த நேரத்தில் சட்டமே மாறியது. 1998-இல் இயற்றிய தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், புதிய விதிகளோடு 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் இப்போது ஒரே சட்டம். சட்டம் மாறினாலும் கதவு எண் மாறவில்லை.

என் கதவுக்குச் சொந்தக்காரர் மும்பையில் இருந்தார். கல்லிடைக்குறிச்சியில் இது புதிதல்ல. திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை என்று நீண்டு கிடக்கிற பழைய வீடுகள் பலவற்றின் உரிமையாளர்கள் இரண்டு தலைமுறைக்கு முன்பே சென்னைக்கும் மும்பைக்கும் போய்விட்டார்கள். திருவிழாவுக்கு வருவார்கள், வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வரி ரசீதில் இன்னும் தாத்தா பெயர் இருக்கும். எங்கள் வீட்டு ரசீதிலும் அப்படித்தான். தாத்தா காலமாகிப் பல வருஷம். அவர் பிள்ளைகளில் மூத்தவர்தான் என்னிடம் வாடகை வாங்குகிறவர்.

போனில் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முதலில் வந்தது பயம். “ஏம்மா, நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு வீடு உனக்குன்னு ஆயிருமோ?”

“ஆகாது சார். நீங்க சம்மதம் குடுக்குறது தொழில் நடத்த மட்டும்தான்.”

“வீட்டு வரி கடை வரியா மாறிருமே?”

அது நியாயமான கேள்வி. குடியிருப்புக்கு ஒரு வரி, வணிகப் பயன்பாட்டுக்கு அதைவிடக் கூடுதல் வரி. அப்பளம் இடுகிற பகுதிக்கு மட்டும் வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை நானே கட்டுவதாகச் சொன்ன பிறகுதான் பேச்சு நகர்ந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் போடச் சொன்னேன். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வாய்வார்த்தையில் வாடகை வாங்கிப் பழகியவருக்கு இதுவும் ஒரு அதிர்ச்சி. ஆனால் அந்தச் சட்டம் அவரையும் காப்பாற்றுகிறது, நான் காலி செய்ய வேண்டிய தேதி அதில் இருக்கும் என்று விளக்கியதும் குரல் இறங்கியது.

பிறகு தாத்தாவை ரசீதிலிருந்து இறக்குகிற வேலை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, எல்லா வாரிசுகளின் சம்மதம், அதற்கப்புறம் வரி விதிப்பில் பெயர் மாற்றம். வாரிசுகளில் ஒருத்தருக்கும் மற்றொருத்தருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சென்னையில் ஒரு கல்யாணத்தில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டபோது, ஒரு அத்தை நடுவில் நின்று கையெழுத்து வாங்கினாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். தொழில் தொடங்க எத்தனை நாள் ஆகும் என்று பத்திரிகைகளில் அட்டவணை போடுகிறார்களே, அதில் இந்த அத்தைக்கு ஒரு கட்டம் இருக்காது.

பெண்கள் பெயரில் தொழில் குறைவாக இருப்பதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். நான் பார்த்த காரணம் இதுதான்: வீடு அவர்கள் பெயரில் இல்லை. சேரன்மகாதேவியில் முறுக்கு சுடுகிற பெண், பத்தமடையில் பாய் நெய்கிற பெண், வீரவநல்லூரில் வத்தல் போடுகிற பெண், எல்லோருக்கும் கைத்தொழில் தெரியும், கணக்குத் தெரியும். கதவு எண் என்று வரும்போது மாமனார் பெயர், கணவனின் அண்ணன் பெயர், ஊரில் இல்லாத ஒருவர் பெயர். அவர் ஒருவர் மனம் வைக்காவிட்டால் படிவம் அங்கேயே நிற்கும்.

மீதிக் காகிதங்கள் வேகமாக வந்தன. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. 2020 ஜூலை 1 முதல் இருக்கிற முறை இது. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் பிடுங்குகிற தனியார் தளங்கள் நிறைய உண்டு, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஆயிரத்துக்கு மேல் கட்டிவிட்டு வந்தாள். முகவரியின் கடைசியில் அரசுத் தளத்துக்குரிய எழுத்துகள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள். மின் இணைப்பை வீட்டுக் கட்டணத்திலிருந்து குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கான கட்டண வகைக்கு மாற்றினோம். மாவு பிசைய மோட்டார் வைத்துவிட்டு வீட்டு மீட்டரில் ஓட்டினால், பிடிபடும் அன்று லாபமெல்லாம் அபராதத்துக்குப் போகும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. இதைச் செய்வது தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர். கவரின் மேல் பொருளின் பெயர், எடைப்படி இறங்குவரிசையில் சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, அதிகபட்ச விலை, முகவரி, புகார் சொல்ல ஒரு போன் எண், பச்சைப் புள்ளி. என் அப்பளக் கவரில் இப்போது படம் போட இடமில்லை, எழுத்துதான்.

ஜிஎஸ்டியில் மட்டும் எங்கள் சரக்குக்கு ராஜமரியாதை. பொரிக்காத அப்பளத்துக்கு வரியே கிடையாது. 2021 ஆகஸ்டில், வட்ட அப்பளத்துக்கு வரி இல்லை, சதுர அப்பளத்துக்கு உண்டு என்று ஒரு பேச்சு நாடு முழுக்கப் பரவியது. மத்திய மறைமுக வரிகள் வாரியமே, எந்த வடிவமானாலும் வரி கிடையாது என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. என்னிடம் வேலை செய்கிற பெண்ணுக்கு அன்று ஒரே சிரிப்பு. “மைனி, எனக்கு வட்டமே வரமாட்டேங்கு. நான் இடுறதுக்கு என்ன வரி போடுவான்?”

அடுத்து திருநெல்வேலி டவுனில் ஒரு சின்னக் கடை எடுத்தேன், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றின ரத வீதி ஒன்றில். ஆனித் தேருக்கு முன்னால் திறக்க ஆசை. இங்கே மாநகராட்சி. 1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் நான்கையும் சேர்த்து உண்டாக்கியது, இன்றும் அந்த நான்கு பெயரில்தான் மண்டலங்கள். படிவம் அதே கேள்விகளைக் கேட்டது. இந்த முறை கடையை வாடகைக்குப் பேசும் முன்பே வரி ரசீதைக் காட்டச் சொன்னேன். கோயில் மனை, மடத்து மனையாக இருந்தால் கட்டடக்காரர் கையெழுத்து மட்டும் போதாது என்பதால் அதையும் விசாரித்தேன். பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி என் விசாரணையைப் பார்த்துச் சிரித்தார். “கப்பல் விட்ட வ.உ.சி.யே கம்பெனியப் பதிவு பண்ணிட்டுத்தான் விட்டாரு. நீ அப்பளம் விக்க இவ்வளவு பாக்குறது தப்பில்ல தாயி.” அவர் சொன்னது உண்மை. வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16-இல் முறைப்படி பதிவான கம்பெனி. முதல் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். பதிவுக் காகிதத்தில் வெள்ளைக்காரனால் குறை காண முடியவில்லை, அதனால் வேறு வழிகளில் நசுக்கினான்.

பெயர்ப் பலகைக்கும் விதி உண்டு. தமிழ் மேலே, பெரிதாக. தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு. நடக்கிற தூரத்தில் அல்வா விற்கிற இருட்டுக்கடைக்குப் பலகையே கிடையாது, சாயங்காலம் ஊரே அங்கே நிற்கிறது. அந்தப் பேறு எல்லோருக்கும் வாய்க்காது. நான் தமிழில் மட்டும் எழுதினேன், செலவும் குறைவு. கடையில் வேலை செய்கிறவர் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்தில் சேர்த்தது எனக்கு மிகவும் பிடித்த திருத்தம். எனக்கே முழங்கால் வலி.

கடையநல்லூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், விடுமுறைக்கு வந்தால் எங்கள் கடையில் மொத்தமாக வாங்குவார். அங்கே தொழிலைப் பதிவு செய்வது இருந்த இடத்திலிருந்தே இணையத்தில் முடிந்துவிடும் வேலை என்றார். பொறாமையாகத்தான் இருந்தது. துருவிக் கேட்டபோது, உணவுக் கடை என்றால் அங்கேயும் உணவு முகமை உரிமம் வேண்டும், அந்த இடத்தில் அந்தத் தொழில் நடத்தலாமா என்று முதலில் பார்ப்பார்கள் என்பது தெரிந்தது. ஒரே ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தெளிவு. அரசு அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் சிறிய அளவில் செய்து விற்றால் உணவு உரிமம் தேவையில்லை. ஆனால் வீட்டில் குடியிருக்கிறவர்கள் மட்டுமே செய்ய வேண்டும், வெளியாள் வைக்கக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது. எல்லை எது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அம்மா நாலு கட்டு அப்பளம் விற்பது எப்போது தொழிலாகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும்.

கடை வாசலுக்கு எதிரே ஒரு அம்மா கூடையில் பனங்கிழங்கும் கொய்யாவும் விற்கிறாள். அவளிடம் மாநகராட்சி கொடுத்த அடையாள அட்டை இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தில் வந்த அட்டை அது. அதில் அவள் போட்டோ இருக்கிறது. அந்த அட்டையைக் காட்டித்தான் 2020-இல் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் முதலில் 10,000 ரூபாய் கடன் வாங்கினாள். நான் பார்த்த காகிதங்களிலேயே ஆளைப் பார்த்துக் கொடுத்தது அது ஒன்றுதான். கதவு இல்லாததால் கிடைத்த சலுகை என்று அவளிடம் சொன்னேன். “மழை பெய்யும்போது வந்து சொல்லு” என்றாள்.

கிராமங்களில் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில், கிராம ஊராட்சிக் கடைகளும் தொழில் உரிமம் வாங்க வேண்டும் என்று புதிய விதிகள் வந்தன. டீக்கடைக்கும் சலூனுக்கும் கட்டணமா என்று வணிகர்கள் எதிர்த்தார்கள், அரசு நிறுத்தி வைத்தது. கட்டணத்தைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போட்டார்கள். பத்தடி ஓலைச் சாய்ப்பில் டீ ஆற்றுகிறவருக்குக் கதவு எண்ணை யார் கொடுப்பார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என் கல்லிடைக்குறிச்சித் தொழில் உரிமம் மார்ச் 31-இல் முடியும், அதற்கு முன்னால் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சி வீட்டுக்காரருக்கு இப்போது இந்த விஷயமெல்லாம் அத்துப்படி. நான் வேறு வீடு பார்த்துப் போனால் கவரில் முகவரி மாறும், பதிவில் திருத்தம் போட வேண்டும், மின் இணைப்பு மாற்ற வேண்டும், அச்சடித்த கவரெல்லாம் வீண் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிப்ரவரியிலேயே போன் செய்துவிட்டார். மாதம் ஆயிரம் ரூபாய் ஏற்றிக் கேட்கிறார். நான் ஐந்நூறில் நிற்கிறேன். மாடி வலை நான் போட்டது, பின்கட்டுக்குத் தளம் போட்டது நான், அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.